ஆனி, ஆடிக் கடல்: உங்களுக்குத் தெரியுமா?

கத்திரி வெயில் தணிந்ததிலிருந்து ஆடிக்காற்று ஓயும் வரை தமிழகக் கடலில் என்ன நடக்கிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் மீன் விலையை வைத்துத்தான் அறிகிறோம். அந்த விலைக்குப் பின்னால் காற்று இருக்கிறது. காற்றுக்குப் பின்னால் மலை இருக்கிறது, தென்கோடிப் பெருங்கடலின் புயலும்கூட இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து நீரோடி வரை 1,076 கி.மீ. நீளும் நம் கரையில் இந்தப் பருவத்தில் இருப்பது ஒரே கடல் அல்ல. ஊருக்கு ஊர் வேறு வேறு கடல். அவற்றைப் பற்றிய துணுக்குகள் இவை.

ஒரு மாவட்டம், இரண்டு தடைக்காலம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கில் வருகிறது. அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அதே மாவட்டத்தின் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மூன்றும் மேற்குக் கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஆகவே ஜூன் முதல் பதினான்கு நாளும் மாவட்டம் முழுவதும் எந்த விசைப்படகும் தொழிலுக்குப் போகாது. நாகர்கோவில் பக்கம் அந்த இரண்டு வாரம் மீன் விலை ஏறினால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

45 நாள், 61 நாள் ஆன கதை

தமிழகத்தில் இந்தத் தடை 2001இல் தொடங்கியது. அப்போது 45 நாள்தான். 2017 முதல் அது 61 நாள். கேரளத்தின் மழைக்கால இழுவைமடித் தடை இன்னும் பழையது, 1988இலேயே வந்துவிட்டது. தடை விசைப்படகுக்கு மட்டுமே. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கட்டுமரமும் இந்த நாட்களிலும் போகின்றன. மே மாதம் கடற்கரைக் கிராமத்தில் கூடையில் வரும் மீன் விடிகாலையில் போன படகு காலையிலேயே கொண்டுவந்தது. அளவு குறைவு, விலை அதிகம். ஆனால் ஆண்டிலேயே இவ்வளவு புதிய மீன் வேறு எப்போதும் சந்தைக்கு வருவதில்லை. இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சிறு தொழிலாளியின் கைக்குப் போகிறது, கொடுக்கத் தயங்காதீர்கள்.

ஜூன் 15 அன்றே விலை குறையாது, ஏன்?

தடை முடிந்த நள்ளிரவில் காசிமேட்டிலிருந்து படகுகள் ஐஸ், டீசல், அரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பும் காட்சி தொலைக்காட்சியில் வரும். மறுநாளே சந்தைக்குப் பையோடு போகிறவர்கள் ஏமாறுவார்கள். காசிமேட்டின் பெரிய விசைப்படகுகள் பல நாள் தங்கித் தொழில் செய்பவை; அவை மடியை இழுத்து, ஐஸ் அறை நிரம்பித் திரும்ப ஒரு வாரம் ஆகலாம். ஒரே நாளில் போய்த் திரும்பும் படகுகள் உள்ள ஊர்களில் மீன் முன்னதாகவே வந்துவிடும். சென்னையில் வஞ்சிரம், சங்கரா, கடம்பா, இறால் எல்லாம் மலிவாக வேண்டுமானால் ஜூன் கடைசி வாரம்வரை பொறுத்திருப்பது நல்லது.

காற்றாலையும் கடல் சீற்றமும் ஒரே காற்று

மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை வானொலியில் ஒரே அறிவிப்பு திரும்பத் திரும்ப வரும்: மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் காற்று, இடையிடையே 65 கி.மீ., மீனவர்கள் போக வேண்டாம். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மலை முடியும் ஆரல்வாய்மொழிப் பக்கம் கிடைத்த இடைவெளியில் நெருக்கியடித்து வேகம் கூட்டிக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுவது இதுதான். தமிழகத்தின் காற்றாலை மின்சாரம் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் தூத்துக்குடியில் நாட்டுப்படகு கரையிலேயே கிடக்கும் மாதங்களும் ஒன்றே. நமக்கு மின்சாரம் வந்த அதே நாளில் அங்கே ஒரு குடும்பத்துக்கு வருமானம் இல்லை என்பதை நினைத்துப் பார்க்கிறோமா?

பாம்பனுக்கு இரண்டு பக்கமும் கடல், இரண்டும் வேறு

இந்தத் தென்மேற்குக் காற்றுக்குக் கடலோர மக்கள் வைத்த பெயர் கச்சான். கச்சான் வீசும் மாதங்களில் பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தீவும் நிலமும் மறைப்பதால், கடல் ஓரளவு அமைதி. வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில் இது அப்படியே தலைகீழ்: வடக்குக் கடல் சீறும், தெற்குக் கடல் அடங்கும். அதனால் தீவின் மீனவர்களில் பலர் காற்று மாறும்போது தொழில் செய்யும் கரையையே மாற்றிக்கொள்கிறார்கள். சில கி.மீ. அகலமுள்ள நிலத்துண்டின் இரு ஓரங்களில் இரண்டு பருவங்கள்.

பாம்பனில் மீனவர்களுக்காகவே இயங்கும் சமுதாய வானொலி ஒன்று உண்டு: கடல் ஓசை, பண்பலை 90.4. அலை உயரமும் காற்றின் வேகமும் பாட்டுக்கு நடுவே ஒலிக்கும்.

பாக் நீரிணை மிக ஆழமற்ற கடல். பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றித்தான். இழுவைமடியும் நாட்டுப்படகின் வலையும் ஒரே நாளில் அங்கே இறங்கினால் வலை அறுந்து சண்டைதான் மிஞ்சும். எனவே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை அங்கே பல ஆண்டுகளாக உண்டு.

வெயில் ஏற ஏறக் கடல் குளிர்கிறது

நம்ப முடியாததுபோல் தோன்றும், ஆனால் உண்மை. ஏப்ரல், மே மாதங்களில் 30 டிகிரி செல்சியஸைத் தொடும் கரையோரக் கடல்நீர், ஜூன், ஜூலையில் பல இடங்களில் சூடு குறைகிறது. தென்மேற்குக் காற்று சோழமண்டலக் கரையை ஒட்டி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் போக்கிலேயே போகாமல் அதற்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு உள்கடலுக்கு, நகர்கிறது. விட்டுப்போன இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறுகிறது. வங்கக்கடலின் மேற்குக் கரையில் இந்தக் குளிர்நீர்ப் பட்டை சுமார் 40 கி.மீ. அகலம் இருப்பதை 1989ஆம் ஆண்டு அளவீடுகள் காட்டின.

ஏறும் நீர் வெறும் குளிரை மட்டும் கொண்டுவருவதில்லை. அடியில் மக்கிய எல்லாவற்றின் சத்தும் அதில் கரைந்திருக்கிறது. அது வெயில் படும் மேல்மட்டத்துக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகும். பாசியைத் தின்னச் சாளையும் நெத்திலியும் வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு சூரையும் பாறையும் வரும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், செயற்கைக்கோள் வழியாகக் கடலின் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்து மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்குச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அடியிலிருந்து வரும் நீரில் உயிர்வளி குறைவு. மேற்குக் கரையில் அது தரையோடு வாழும் மீனையும் இறாலையும் மூச்சுத் திணற வைத்துக் கரைப்பக்கம் தள்ளுகிறது. ஆலப்புழைப் பக்கம் பெருமழைக் காலத்தில் சேற்றுத் திட்டு உருவாகி, சுற்றிலும் கடல் கொந்தளிக்கையில் அந்த இடம் மட்டும் குளம்போல் அசையாமல் நிற்கும். மலையாளிகள் அதைச் சாகர என்பார்கள். திட்டில் மீன் குவிவதற்கு உயிர்வளி குறைந்த இந்த அடிநீரும் ஒரு காரணம்.

குமரிமுனைக்குத் தெற்கே ஒரு மேடு

வாட்ஜ் கரை. நிலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சுமார் 10,000 சதுர கி.மீ. பரப்பில், 200 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் கிடக்கும் கடலடி மேடு அது. கலவா, விளமீன், கணவாய் என்று அங்கே கிடைப்பதன் வகை அதிகம். ஒரு காலத்தில் இலங்கையின் இழுவைக் கப்பல்களும் அங்கே தொழில் செய்தன. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் அது இந்தியாவின் உரிமைக்குள் வந்தது. கச்சத்தீவைப் பற்றிப் பேசும் நாம் வாட்ஜ் கரையைப் பற்றிப் பேசுவதே இல்லை. குமரி மாவட்ட மீனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்தால் பேசாமல் இருக்க மாட்டோம்.

கோலா: கடல் தரும் கோடைப் பரிசு

இந்தப் பருவத்தின் மீன்களில் எனக்கு மிக நெருக்கமானது இது. பறக்கும் மீனைத்தான் பறவைக் கோலா, கோலா என்கிறோம். மே முதல் ஜூலை வரை சோழமண்டலக் கரைக்கு வெளியே, ஆழ்கடலில், முட்டையிடக் கூட்டம் கூட்டமாக வரும். நாகப்பட்டினப் பக்கத்து மீனவர்கள் இதற்கென்றே வழக்கத்தைவிடப் பெரிய கட்டுமரம் வைத்திருந்தார்கள். பாய் விரித்துக் கரை மறையும் தூரம் போய், அங்கேயே இரவு தங்குவார்கள்.

பிடிக்கும் முறைதான் வியப்பு. தூண்டிலும் வேண்டாம், விரித்துப் போடும் வலையும் வேண்டாம். இலைதழைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கயிற்றில் கோத்து மிதக்க விடுவார்கள். கோலாவின் முட்டைக்கு நூல் போன்ற இழைகள் உண்டு; எதிலாவது சுற்றிக்கொண்டால்தான் அது அமிழாமல் பிழைக்கும். திறந்த கடலில் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? மிதக்கும் தழையைக் கண்டதும் மீன்கள் மொய்த்து முட்டையிடும். மீனவர் கைவலையால் அள்ளுவார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் இந்தத் தொழிலை நேரில் பார்த்து விரிவாகப் பதிந்திருக்கிறார்.

மீனின் தேவை என்ன என்று அறிந்து அதையே முன்வைத்த அறிவு அது, எந்தப் பள்ளியிலும் படிக்காத அறிவு. அதைப் போற்றுகிறேன். அதோடு ஒரு கவலையும் உண்டு: முட்டையிடும் தாய்மீனைத்தான் இந்த முறை பிடிக்கிறது. கட்டுமரமும் கைவலையும் இருந்தவரை கடல் அதைத் தாங்கியது. எஞ்சினும் பெரிய வலையும் வந்தபின் அதே கணக்கு பொருந்தாது.

கோலா எவ்வளவு நேரம் பறக்கும்? 2008இல் ஜப்பான் அருகே கடலில் ஒரு தொலைக்காட்சிக் குழு படம்பிடித்த மீன் 45 விநாடி நீரைத் தொட்டும் தொடாமலும் காற்றில் சென்றது.

பேச்சாளை புதிதாக வந்த விருந்தாளி

கேரளத்தின் மத்திதான் நம் பேச்சாளை. இன்று நாகை, கடலூர், சென்னை எங்கும் கிடைக்கும் இந்த மீன் 1980களின் நடுப்பகுதி வரை கிழக்குக் கரையில் பெயருக்குத்தான் இருந்தது. அதன் பிறகு பெருகிற்று. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது இது முட்டையிடும். மழை, நீரின் சூடு, நுண்பாசி மூன்றும் ஒத்துவந்தால் குஞ்சு பிழைக்கும். ஒத்துவராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளமே சாட்சி. அங்கே 2012இல் 3.9 லட்சம் டன் மத்தி கரைசேர்ந்தது. 2021இல் 3,297 டன்.

காற்றே இல்லாத நாளில் அலை

ஏப்ரல், மே மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது. திடீரென்று அலை கரையேறிப் படகையும் வலையையும் இழுத்துப்போகும். கேரளத்திலும் குமரியிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். இன்று அறிவியலாளர்களும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் எழுப்பிய அலை ஆயிரக்கணக்கான கி.மீ. பல நாள் பயணம் செய்து நம் கரையில் உடைகிறது. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளம் என்பதால் கடல் அமைதியாக இருப்பதாகவே தோன்றும். ஆபத்து அங்கேதான்.

2020இல் இன்காய்ஸ் இதற்கெனத் தனி முன்னறிவிப்பைத் தொடங்கியது. 2024 மே 6 அன்று அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதே குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கரையோரத்து மீனவர் இறங்காதே என்றால் இறங்க வேண்டாம். அவர் பார்க்கும் கடலும் நாம் பார்க்கும் கடலும் ஒன்றல்ல.

கடல் பச்சையானால்

மண்டபம், பாம்பன் பக்கம் கச்சான் காலம் முடியும் தறுவாயில் கடல்நீர் சில சமயம் பச்சை நிறமாகும். பூங்கோரை வந்துவிட்டது என்பார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகுவதுதான் காரணம். அது மடிந்து அழுகும்போது நீரின் உயிர்வளி தீர்ந்துபோகும். 2019 செப்டம்பரில் அப்படித்தான் மன்னார் வளைகுடாவில் ஏராளமான மீன்கள் செத்து ஒதுங்கின, பவளப்பாறைகளும் பாதிக்கப்பட்டன.

அதே நாக்டிலூகா இரவில் ஒளிரும். அந்த மீன்கள் செத்து ஒதுங்கியதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 18 இரவு, திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் கடற்கரைகளில் அலைகள் நீலமாக மின்னியதைப் பார்க்கச் சென்னையே திரண்டது. அழகுதான். ஆனால் வலை போடுகிறவருக்கு அது உதவாது: ஒளிரும் நீரில் வலையின் ஒவ்வொரு கண்ணும் மீனுக்குத் தெரியும். அமாவாசை இருட்டில் செவுள்வலையில் மீன்பாடு நன்றாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

சினை நண்டு ஒன்று

பாக் நீரிணையின் ஓலைக்கால் நண்டு உலகச் சந்தைக்குப் போகிறது. வயிற்றின் கீழ் மஞ்சளாகவோ கருஞ்சாம்பலாகவோ முட்டைக் கொத்து இருந்தால் அது சினை நண்டு. ஒரு பெண் நண்டு பல லட்சம் முட்டைகளைச் சுமக்கும். சினை நண்டைக் கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கொத்தில் அப்படி ஒன்றும் சுவை இல்லை.

சிங்கி இறாலுக்குச் சட்டமே இருக்கிறது. 2003 முதல் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை உண்டு: வகையைப் பொறுத்து 200, 300, 500 கிராம். கேரளம் இன்னும் ஒரு படி மேலே போய் மீன்களும் பிறவுமாக 58 வகைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. இருக்க வேண்டும். தடை முடிந்த முதல் வாரங்களில் விரல் நீளச் சங்கரா, விரல் நீள வஞ்சிரம் கூறுகட்டி மலிவாக விற்பார்கள். இரண்டு மாதம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுப்பைச் சுருக்கிக் காத்தது அந்தக் குஞ்சுகள் வளரத்தான். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடிக்கவும் ஆள் இருக்காது.

ஆடிப்பெருக்கில் ஏறிய மீன்

வங்காளிகள் உயிரைக் கொடுத்துத் தேடும் ஹில்சா நம் கடலிலும் உண்டு. நம் ஊரில் அது உல்லம். கடலில் வாழ்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது ஏறி முட்டையிடும். ஆடிப் புதுப்புனலில் கொள்ளிடத்தில் ஏறிய உல்லத்தை 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கீழணை மறித்தது. அதை உணர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கீழணையில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க முயன்றார்கள். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஆற்று வெள்ளத்தின் போக்கே மாறிவிட்டது. இன்று காவிரியில் உல்லம் ஏறிய காலத்தைப் பேச்சில்கூடக் கேட்க முடிவதில்லை.

கொதித்தாலும் போகாத நஞ்சு

சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களை வெயிலில் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் போட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். குழம்பில் எவ்வளவு கொதிக்க விட்டாலும் அது அழியாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். பலர் அதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து மீனையே விட்டுவிடுகிறார்கள். குற்றம் மீனுடையதல்ல, ஐஸ் இல்லாததுதான். கடைக்காரர் ஐஸ் மேல் வைத்த மீனையே கேளுங்கள். வாங்கியதும் நேராக வீட்டுக்குப் போங்கள்.

ஆகஸ்ட் 1

குளச்சலிலும் முட்டத்திலும் ஜூலை கடைசியில் வலை பழுது பார்த்து, எஞ்சினைச் சரிசெய்து, படகுக்குப் புது வண்ணம் அடித்து முடித்திருப்பார்கள். கடல் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. ஆனால் அடிநீர் மேலே ஏறும் மாதங்கள் இன்னும் முடியாததால் தென்மேற்குக் கரையில் கிளிமீனுக்கும் கரிக்காடி இறாலுக்கும் இதுவே நல்ல காலம். கணவாயும் அடுத்து வரும். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் கிளிமீன் கேட்டு வாங்கலாம், குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்றது.